குள்ளர்களின் பெயர்களைக் கிணற்றிடம் கேட்டோம்

இப்போதெல்லாம் கணினி விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் குள்ளர்களுக்குப் பெயர் தானாக வந்து விழுகிறதாம். விழட்டும். ஒன்பது பெயருக்கு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நீர்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் தபாற்கந்தோரில் எழுதுவினைஞன். வாசிகசாலைப் புத்தகங்கள் நானூற்றுப் பன்னிரண்டையும் படித்தவன் என்பதுதான் என் தகுதி. அவற்றில் பதினேழுக்கு அட்டை இல்லை.

பூமிக்கடியில் சுரங்கம் வெட்டும் தாடிக்காரக் குள்ளர்களைப் பற்றி அந்த அட்டையில்லாத ஆங்கிலப் புத்தகங்களில் ஒன்றில் படித்திருந்தேன். அவர்கள் குடியிருக்க எங்கள் ஊரைவிட நல்ல இடம் எது? இங்கே ஆறு இல்லை. தண்ணீரெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள்தான் ஓடுகிறது. அப்படியானால் அந்தக் கல்லைக் குடைந்து தண்ணீருக்கு வழி விடுகிறவர்கள் யார்? ஒன்பது குள்ளர்கள். ஊர்ச்சனம் அவர்களை மதிக்கவில்லை என்று கோபித்து அவர்கள் வேலையை நிறுத்த, கிணறுகள் வற்றுகின்றன. இதுதான் நாடகம். இந்த எண்ணம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து எழுந்து முற்றத்தில் நடந்தேன்.

சனம் சிரிக்கவேண்டும் என்று பெயர்களை வேடிக்கையாக வைத்தேன். உலைமூக்கன், பானைவயிறன், தாடிக்கட்டை, தவளைக்காலன் என்று ஒன்பது. தோட்டத்துக்கு இறைத்துவிட்டு ஒத்திகைக்கு வந்த ஒன்பது பேருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நடிக்காமல் நழுவ ஆளுக்கொரு சாக்கு. ஒருவருக்குப் புகையிலை பதப்படுத்தும் போறணையில் வேலையாம், ஒருவருக்கு இடுப்பில் பிடிப்பாம். கடைசியில் வாழைத் தோட்டக்கார இளைஞன் ஒருவன்தான் உள்ளதைச் சொன்னான்.

"அண்ணை, மேடையிலை ஒருக்கால் கூப்பிட்டால் காணும். அந்தப் பேர் சுடலை வரைக்கும் வரும். எனக்கு இப்ப பொம்பிளை பாக்கினம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பகுதியில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் கிடையாது. ஒரே ஒழுங்கையில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தால் கடிதத்தில் பட்டப்பெயரும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தபாற்காரர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். பாட்டன் ஒருமுறை சறுக்கி விழுந்திருந்தால் பேரனும் 'சறுக்கல்'தான். தினமும் அந்தப் பெயர்களைத் தரம் பிரிக்கிற நான், புதிதாக ஒன்பதை ஊரில் அவிழ்த்துவிடப் பார்த்திருக்கிறேன்.

நாடகம் நின்றுபோய்விடும் என்று நான் புழுங்கிக்கொண்டிருந்த ஞாயிறு காலையில், சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும் லொறிக்காரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் நடிகர் பட்டியலிலேயே இல்லை.

"நாடகப் பேர் ஒட்டுமெண்டு எல்லாரும் பயப்பிடுகினம். ஒட்டுமெண்டால் எனக்கு ஒண்டு தாங்கோ அண்ணை. நல்லதாய்த் தாங்கோ."

அவருடைய குடும்பத்துக்குப் பட்டம் புண்ணாக்கு. அவருடைய பாட்டனின் தகப்பன் ஏதோ ஒரு பஞ்சத்தில் மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கை எடுத்துத் தின்றாராம்.

"அவர் திண்டார். எங்களுக்கு இன்னும் செமிக்கேல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மகள் இந்த வருடந்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததாகவும், இரண்டாம் நாளே 'புண்ணாக்கின்ரை மகள்' என்று கேட்டு அழுதுகொண்டு வந்ததாகவும் சொன்னார்.

நான்கு தலைமுறையாக ஊறிய பட்டத்தைத் துரத்த ஒரு புதுப் பெயர்! எனக்குக் கை பரபரத்தது. பெயர் குறுகியதாக இருக்கவேண்டும். இரண்டு தோட்டம் தள்ளி நின்று கூப்பிட வரவேண்டும். நிலத்துக்குள் வாழ்கிறவனுடைய பெயர் நிலத்துக்குள்ளிருந்து ஒலிக்கவும் வேண்டும். அதை எப்படி அறிவது? அவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கிணற்றுக்கட்டில் சாய்ந்து உள்ளே குனிந்து ஒவ்வொரு பெயராகக் கத்தினோம். கற்பிளந்தான் நடுவில் உடைந்து வந்தது. தணலன் தண்ணீர்வரை போகவேயில்லை. ஊற்றுக்கண்டான் நன்றாகத்தான் வந்தது, ஆனால் நீளம். என்ன விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் விசாரிக்க, என் மனைவி, "இவருக்கு மூளை விழுந்திட்டுது, ரெண்டு பேருமாத் தேடுகினம்" என்றாள்.

இருபத்துமூன்றாவது பெயர் குமுறன். லொறிக்காரருடைய குரலே ஒரு குமுறல்தான். அவர் அதைக் கிணற்றுக்குள் விட்டதும், கீழே யாரோ இருந்து மறுமொழி சொன்னதுபோல் முழுசாகத் திரும்பி வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்தக் கதை பரவ, அடுத்த ஒத்திகைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆளாளுக்கு ஒரு பெயரோடு. வாழைக்காரன் கற்பிளந்தானை எடுத்துக்கொண்டான், பெண் வீட்டாருக்கும் பிடிக்குமாம். மிகக் குட்டையானவர் கடுகன் என்று தானே வைத்துக்கொண்டார், காரம் குறையாதாம். இடுப்புப் பிடிப்புக்காரருக்கு மட்டும் பிடிப்பு உண்மையாகவே இருந்தது. அவருடைய இடம் லொறிக்காரருக்குப் போனது.

ஊரடங்கு நேரத்துக்கு முன் முடிக்கவேண்டும் என்பதால் பின்னேரம் மூன்று மணிக்கே திரையை இழுத்தோம். முழங்காலில் சாக்கு மடித்துக் கட்டி, தும்புத் தாடியோடு ஒன்பது குள்ளரும் முழங்காலால் நடந்து வந்தார்கள். மழை வருமோ, தாடி கழலுமோ என்று எனக்கு ஆயிரம் கவலை. ஆனால் நடந்தது நான் எண்ணிப் பாராதது. லொறிக்காரர் கல்லுடைக்கும் இரும்பு அலவாங்கோடு முன்னுக்கு வந்ததும், சனத்துக்குள்ளிருந்து ஓர் இளந்தாரி, "புண்ணாக்கு!" என்று கத்தினான். சிரிப்பு பொங்கியது.

அவர் அசையவில்லை. சிரிப்பு ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அலவாங்கால் மேடைப் பலகையில் ஓங்கி ஒரு குத்து.

"நான் குமுறன்."

நான் எழுதிய வசனம் அதற்குப் பிறகும் மூன்று வரி இருந்தது. அவர் சொல்லவில்லை. பின்னால் நின்ற எட்டுப் பேரும், ஒத்திகையில் இல்லாதபடி, கிணறு சொன்னதுபோலத் தாழ்ந்த குரலில், "குமுறன்" என்றார்கள். மீண்டும் ஒரு குத்து, மீண்டும் "குமுறன்". மூன்றாவது குத்துக்குச் சனமும் சேர்ந்துகொண்டது. பாயில் இருந்த பிள்ளைகள் தரையைக் கையால் அடித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குள் அவருடைய மகள் எங்கே இருந்தாள் என்று நான் தேடினேன். அந்த ஆரவாரத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த சந்தை நாள் அவரோடு நானும் சுன்னாகத்துக்குப் போனேன். வேலை ஒன்றுமில்லை, பதற்றந்தான். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்ற வியாபாரி ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"குமுறண்ணை, லொறியைக் கொஞ்சம் பின்னாலை எடுங்கோ."

லொறிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். கண்ணாடியை முழுவதும் இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"கேக்கேல்லை," என்றார். "இன்னொருக்கால் சொல்லும்."