மாமியார் எண்ணாத தட்டு

"எல்லாரும் குடிச்சீங்களாடி? மிச்சம் வைக்கக் கூடாது" என்று கேட்டபடியே செல்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறக்கிறார் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அம்மா. உள்ளே, உள்ளங்கையளவுத் தட்டுகளில் நரம்புச் செல்கள் வளர்கின்றன. பழைய சத்துநீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விடுவதுதான் காலையில் இவருக்கு முதல் வேலை. சென்ட் போட்டுக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். தும்மினால் தொலைந்தீர்கள். ஆய்வகத்தில் இவருக்கு 'மாமியார்' என்று பெயர். அது இவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

"எட்டட்டுமே. என்கிட்ட வளந்த மருமக யாராச்சும் கெட்டுப்போனாளா?"

அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் இந்தச் செல்களை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. இவர் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

"செல்லு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. வெளியிலேருந்து வர்ற சேதிய வாங்கத்தான் அது. இந்தப் பாவி திரண்டு வந்து அதுல ஒட்டிக்கிட்டு, இல்லாததும் பொல்லாததும் சொல்லுது. அத நம்பி, செல்லு பக்கத்துல இருக்கறவங்களோட பேச்சுவார்த்தையையே முறிச்சுக்குது. குடும்பத்துல நடக்கறதுதான்!"

ஏற்பியை முன்கூட்டியே மூடிவைக்கும் ஒரு மருந்தை இப்போது சோதிக்கிறார்கள். எல்லாத் தட்டுகளிலும் அமிலாய்டு உண்டு; சிலவற்றில் மட்டும் மருந்து. பலித்தால் அந்தச் செல்களின் இணைப்புகள் தப்பும். வீட்டில் இவருடைய கணவர் கொஞ்ச நாளாக இவரை "மேடம்" என்கிறார். டீ கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறார். மருந்து கடைக்கு வருவதற்குள் எல்லாம் கடந்துபோயிருக்கும் என்று இவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் பலிக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அங்கேதான் சிக்கல். எது மருந்துத் தட்டு என்று தெரியாமல் இணைப்புகளை எண்ண வேண்டும் என்பதற்காக, மருந்து விட்டதும் வேறொருவர் மூடிகளை மாற்றி நிறப்பொட்டு ஒட்டிவிடுவார். வளர்த்தவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? நேற்று எண்ணும் நாள். எதிர்மேசைக்காரரைக் கூப்பிட்டு நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தார்.

"நீங்க எண்ணுங்க சார். எனக்கு ஆளுங்களத் தெரியும். கை தன்னால ரெண்டு கூட அமுக்கிடும்."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எதிர்மேசைக்காரரின் கையில் எண்ணும் கருவி டிக் டிக்கென்றது. பச்சைப் பொட்டு முடிந்து மஞ்சளும் முடிந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. பெரிசா ஒரு வித்தியாசமும் இல்ல."

மஞ்சள்தான் மருந்துத் தட்டு.

"இன்னும் ஒரு ஜோடி இருக்கு சார்" என்றார். கருவியை வாங்கி, பக்கத்துத் திருகைத் திருப்பி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.