எக்ஸ்ரேயில் விழாத அடி

ஹைதராபாத் கொண்டாப்பூரில் நானும் அவளும் ஒரே அறை, ஒரே கம்பெனி. காலையில் கூட்டிப்போக வரும் கம்பெனி வண்டியும் ஒன்றுதான். தண்ணீர் லாரி வந்து மோதியபோது பின்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குக் கை முறிந்தது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. எங்கள் டிரைவர் பிழைக்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் அவள்தான் மகாராணி. மாவுக்கட்டில் டீமே கையெழுத்துப் போட்டது. திருநெல்வேலியிலிருந்து அவள் அம்மா வந்து சோறு ஊட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் நன்றாகவே எரிந்தது. நானோ கார்க் கதவைத் தொட்டாலே வியர்த்துக் கொட்டி, பஸ் மாறி மாறி ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். லாரி ஹாரன் கேட்டால் நடுவழியில் இறங்கிவிடுவேன். தினமும் லேட்.

"உனக்குத்தான் ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார் மேனேஜர். அவரும் நம்மூர்க்காரர்தான். இந்த வாரமும் நேரத்துக்கு வராவிட்டால் பிராஜெக்டிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

முதுகு வலி என்று பொய் சொல்லி எக்ஸ்ரே எடுத்தேன். ஒரு கீறலாவது இருக்கட்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன். எல்லாம் நார்மல். அதைக் கேட்டு அழுத பேஷன்டை அந்த எலும்பு டாக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

"நித்ர படுதோந்தாம்மா?" தூக்கம் வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதினார். அதில் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்காயம் என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அறையில் மேஜைமேல் கிடந்த சீட்டை அவள் எடுத்துப் படித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்னடி, கட்டைக் காட்டியே ராணி மாதிரி இருக்க! நானும் அதே வண்டியிலதானே இருந்தேன்?"

அவள் கோபப்படவில்லை. "ஏட்டி, நான் ஏறுனதுமே ஒறங்கிட்டேன்லா. முழிச்சது ஆஸ்பத்திரியிலதான். எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீதான எல்லாத்தையும் பாத்த?"

அந்த நிமிடம் மாவுக்கட்டெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தூக்கத்தின் மேல்தான் அப்படி ஒரு பொறாமை வந்தது. யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். நசுங்கிய சீட்டில் சிக்கிக்கொண்டு டிரைவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். பாட்டில் என் மடியில்தான் இருந்தது. என்னால் அசைய முடியவில்லை. அவர் கேட்பதை நிறுத்தும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.