மீனுக்கு வாசித்த ரிப்போர்ட்

சரோஜாம்மா அன்னக்கூடையைக் கவிழ்த்ததும் செத்த கெண்டை மீன்கள் என் மேசையெல்லாம் சிதறின. ஒரு குட்டிக் கெண்டை நேராக என் டீ கிளாஸில் தலைகுப்புற இறங்கியது.

ஆம்பூர்ப் பக்கம் தண்ணீர் பரிசோதனை லேப்பில் நான் கெமிஸ்டாக இருந்தபோது நடந்தது இது. சரோஜாம்மா கானாற்றுத் தண்ணீரைக் குட்டையில் பாய்ச்சி மீன் வளர்ப்பவர். குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தக் குட்டைதான். மீன் சாகிறது என்று மூன்று முறை புகார் கொடுத்திருந்தார். மூன்று முறையும் நான் போய் சாம்பிள் எடுத்து, ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்னொரு முறை அப்படி எழுதினால் ஃபைலையே மூடிவிடுவார்கள்.

"ரிப்போர்ட்ல தண்ணி நல்லாத்தாம்மா இருக்கு," என்றேன்.

"அப்டியா சார்? அந்த ரிப்போர்ட்ட எடுத்தாந்து மீனுக்குப் படிச்சுக் காட்டு. விஷயம் தெரியாம சாவுதுங்க, பாவம்!"

கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. "எப்பம்மா சாவுது?" என்று கேட்டேன். அதுவரை ஒருமுறைகூட நான் கேட்காத கேள்வி.

"விடியக்காலைல. வாயைப் பொளந்துகினு மேல வருதுங்க. நீ வர்றதுக்குள்ள காக்கா தின்னுட்டுப் போய்டுது."

சுருக்கென்றது. எங்கள் ஜீப் பத்தரைக்குத்தான் கிளம்பும். டிரைவர் கரீம் பாய்க்கு ஒரு மணிக்குள் பிரியாணிக் கடைக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் நாங்கள் எடுத்ததெல்லாம் பதினோரு மணி சாம்பிள்தான்.

மறுநாள் விடிவதற்குள் போகலாம் என்றேன். "ஃபஜர் தொழுதுட்டு நேரா வந்துடுறேன் சார். ஆனா அந்த நேரத்துல பிரியாணி அடுப்பே பத்த வெச்சிருக்க மாட்டாங்களே!" என்று அங்கலாய்த்தார் கரீம் பாய்.

மறுநாள் இருட்டோடு போய்க் குட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சோதனைக்கான ரீஏஜென்ட் திரவங்கள் இரண்டையும் விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும். பகலில் எடுத்தபோதெல்லாம் டீ டிகாஷன் நிறம். அன்று பால் வெள்ளை. ஆக்சிஜன் துளிகூட இல்லை. கானாற்றுத் தண்ணீரும் அதே வெள்ளை.

ஊர்ச் சாக்கடை கலந்து கலந்து கானாற்றிலும் அது பாயும் குட்டையிலும் பாசி மண்டியிருந்தது. வெயிலில் பாசி ஆக்சிஜன் விடும். இருட்டினால் அதுவே இழுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன்!

"போர் மோட்டாரைப் போடுங்கம்மா! தண்ணி உசரத்துலருந்து குட்டையில விழட்டும்," என்று கத்தினேன். மிச்சமிருந்த மீன்கள் தண்ணீர் விழும் இடத்துக்கு முண்டியடித்து வந்தன. அப்பாடா என்றிருந்தது.

முந்தைய மூன்று ரிப்போர்ட்டும் தப்பு என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் சாக்கடையைக் கானாற்றில் கலக்காமல் திருப்பிவிட்டார்கள். புது ரிப்போர்ட்டின் நகலைக் கொடுக்கப் போனால் சரோஜாம்மா கையில் வாங்கவில்லை. குட்டையைக் காட்டினார்.

"எனக்கு எதுக்கு சார்? அதுங்களுக்குப் படி."

கரீம் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கரையில் நின்று தேதி முதல் கையெழுத்து வரை உரக்கப் படித்தேன்.

லேப்புக்குப் புதிதாக வருகிறவர்களே, சாம்பிள் எடுக்க ஜீப் வரும் நேரத்தைப் பார்க்காதீர்கள். மீனுக்கு மூச்சு முட்டும் நேரம் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.