அவருக்குக் காதில் ஒன்றுமில்லை

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பைக்கில் போய் வருவார். நான் சுந்தரபாண்டியத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. இரண்டு பேருக்கும் ஆட்களைக் கட்டி மேய்க்கிற வேலைதான். எனக்கு வாய் அதிகம், அவருக்குப் பொறுமை அதிகம். என்னைக் கண்டால் ஆசிரியர்கள் ஒதுங்கிப் போவார்கள். அவரிடமோ மில் பெண்கள் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் சொல்லி அழுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மிஷின் சத்தத்துக்குள் வைத்து அவர் யாரையும் கண்டிக்க மாட்டார். அங்கே கத்தினால்தான் கேட்கும், கத்த ஆரம்பித்தால் கோபம் தானாக ஏறிவிடும் என்பார். தப்பு செய்தவரை ஷெட்டுக்கு வெளியே கூட்டி வந்து சாதாரணக் குரலில் பேசுவார்.

"கோவம் வருதுன்னா எனக்கு முதல்ல காது மடல் சுடும். அது தெரிஞ்சிட்டா செத்த நேரம் வாயைத் திறக்க மாட்டேன்" என்று எனக்கும் சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்குச் சுடுறதுக்குக் காது இருக்கு. எனக்கு வாய் மட்டும்தான இருக்கு" என்பேன்.

ஒருமுறை மில்லில் அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வகுப்பு எடுத்தவர் மூளைப் படத்தைத் திரையில் போட்டு, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் கோபத்துக்கு பிரேக், தன்னைத் தானே கவனிக்கிற இடமும் அதுதான், அதைப் பழக்கி வைத்திருப்பவன் நல்ல தலைவன் என்றாராம். வீட்டுக்கு வந்து என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி, "உனக்கு இங்க பிரேக் கட்டை தேஞ்சு போச்சு" என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் அவர் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். யார் பேசினாலும் முடிக்க விடுவதில்லை. டிவிக்கு மேல் கத்துவார். வெகுகாலம் மில்லில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாகி, வீட்டிலும் கத்திப் பேசுவது எங்கள் பக்கம் சகஜம். நானும் அதுதான் என்று நினைத்தேன், மில்லிலும் அப்படியே நினைத்தார்கள். காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு டாக்டர், அப்புறம் இன்னொருவர் என்று அலைந்ததிலேயே மாதங்கள் போய்விட்டன.

அதற்குள் அது நடந்துவிட்டது. செட்டியார்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண்ணை, ஷெட்டுக்குள்ளேயே எல்லார் முன்னாலும், அவர் வாயில் வரவே வராத ஒரு வார்த்தையைச் சொல்லித் திட்டினார். அவரே வேலை பழக்கிவிட்ட பெண். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். திட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல டீ குடிக்கப் போனாராம். இனி வர வேண்டாம் என்று மில்லில் அவரிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நானா? நான் அப்படிப் பேசுற ஆளா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அது பொய் சொல்கிற முகமே இல்லை.

மதுரையில் மூளை டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் சுருங்கியிருந்தது. கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற இடமும், தான் செய்வது தனக்கே தெரிகிற இடமும் போய்க்கொண்டிருக்கின்றன, குணப்படுத்த மருந்தில்லை, நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன். அங்கே உடைந்து அழுதேன். அவர் பக்கத்தில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் பள்ளியில் யாரையாவது கண்டிக்கும் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருகிறேன். என் நெஞ்சு படபடப்பதைக் கவனிக்கிறேன். எப்போதும் தாமதமாக வரும் ஆசிரியை ஒருத்தியிடம் முதல் தடவையாகக் காரணம் கேட்டேன். மாமியார் படுத்த படுக்கை என்றாள். ஹெச்.எம். ரொம்ப மாறிவிட்டார் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்களாம். என் கணவர் இப்படி ஆகித்தான் எனக்கு இந்த நல்ல பேர் வர வேண்டுமென்றால், எனக்கு இந்தப் பேரே வேண்டாம்.

என்னை அரித்ததெல்லாம் அந்தச் செட்டியார்பட்டிப் பெண்தான். அவள் மனசில் அவர் கெட்டவராகவே தங்கிவிடக் கூடாது. போன் செய்து நோயைச் சொன்னேன். மறு ஞாயிற்றுக்கிழமையே பழங்களோடு வந்துவிட்டாள்.

"அண்ணன் அவியளா அப்படிப் பேசுவாவன்னு நான் அன்னைக்கே யோசிச்சிருக்கணும்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் உள்ளேயிருந்து வந்தார். அவளைக் கண்டதும் முகம் மலரும் என்று ஆசையாகப் பார்த்தேன். ஷெட்டில் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லி, "இங்க என்னட்டி வேலை?" என்று கத்தினார்.

அவள் கோபப்படவில்லை. "வாரேன் அண்ணே" என்று கும்பிட்டுவிட்டு, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவர் வாசலுக்கு வந்து, அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை ஏன் அழுதுட்டுப் போகுது? மில்லுல எவனும் ஏதும் சொல்லிட்டானா? நாளைக்குப் போயி என்னன்னு கேக்கேன், இரு."