அண்ணன் கொடுத்த இரும்பு

என் கைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடக்கிறது. மஞ்சள் பிடி, முனை தேய்ந்தது. என் அண்ணனுடையது. சிங்கப்பூர் ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்த்தவர். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மலேசியாவில் சிம்பாங் ரெங்கத்தில் இருந்தோம். என் மகளுக்குப் பதின்மூன்று வயசு. பள்ளிக்கூடத்தில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ரோபோ வண்டி செய்தார்கள். ஒயர் வேலை முழுக்க இவள்தான். ஜொகூர் பாருவில் போட்டி. அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது வயசுக்கு வந்துவிட்டாள். எங்கள் வழக்கத்தில் பதினாறு நாள் தனி அறை. தாய்மாமன் முறைக்கு அண்ணன்தான் வந்து அறை வாசலில் தென்னை ஓலை கட்டினார். இவள் வராவிட்டால் குழுவின் பெயரையே எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. “நான் போகட்டுமாம்மா?” என்று ஓலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். என்னையும் ஆறாம் வகுப்பில் இப்படித்தான் உட்கார வைத்தார்கள். வெளியே வந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அன்றைக்கு அண்ணன் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் வேலைச் சட்டையோடு வந்தார். என் நாத்தனார் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “பதினாறு நாள் கழியாம வெளிய போனா காத்து கருப்பு அடிக்கும்ண்ணே. ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“கையில இரும்பு இருந்தா அண்டாதுன்னு நீங்கதானே சொல்வீங்க.” பையிலிருந்து இந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து உள்ளே நீட்டினார். “இந்தா பாப்பா, இரும்பு.”

“பாக்குவெட்டி கொடுப்பாங்க. இதையா கொடுப்பாங்க?”

“பாக்குவெட்டிய வச்சு ஸ்க்ரூ முடுக்க முடியாது லா. ஓலை கட்டினவன் நான். நாளைக்கு நானே ஒதுக்கி விடுறேன்.”

விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை நான். ஹைவே முழுக்க லாரி. மத்தியானம் மழை பிடித்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. சோறு ஆக்கி மூடி வைத்தேன். நாத்தனார் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். மகளுக்கு ஒன்று ஆனால் நான்தான் அனுப்பினேன் என்று ஆகிவிடும். அனுப்பாமல் இருந்திருந்தால்? அதற்கும் நான்தான்.

பொழுது சாயும்போது இரண்டு பேரும் நனைந்து வந்தார்கள். போட்டியில் ஓடும்போது ரோபோ வண்டியின் சக்கரம் கழன்றதாம், இவளே முடுக்கி ஓட விட்டாளாம். பரிசு எதுவும் இல்லை. குளித்துவிட்டு அவளே ஓலைக்குள் போய் உட்கார்ந்தாள். விரலில் கிரீஸ் போகவில்லை. நான் தேய்க்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, பதினாறு கழிந்ததும் வருவாள், பள்ளிப் பதிவிலிருந்து அவள் பெயரை எடுக்க வேண்டாம் என்று அண்ணனே சொல்லி வைத்தார்.

போன மாசம் அவள் வேலை செய்யும் கம்பெனி அவளை ஜப்பானுக்கு அனுப்பியது, புது மெஷின் பழக. தனியாகப் போகிறாளே என்று அவள் பெட்டியில் துணிக்கு அடியில் இதை வைத்தேன். பார்த்துவிட்டாள். எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“பயப்படறது நீங்கதாம்மா. நீங்களே வச்சுக்கங்க.”

வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் பைக்குள் கை விட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது.