காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த தப்புக்காரர்

அட்டன் கடைவீதியில் ஒரு ரெக்கார்டுக் கடையில் அப்போது எனக்கு வேலை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தப்பு மேளமடித்துப் பாடும் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவர முதலாளி அனுப்பினார். கையெழுத்துப் போட்டால் கொழும்புக் கம்பனி அவர் பாட்டை ரெக்கார்டில் ஏற்றும்.

அவர் கம்பளித் தொப்பியோடு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அடிக்கடி தோலைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார்.

காகிதத்தை வாசித்துக் காட்டினேன். கம்பனி அனுமதியில்லாமல் அந்தப் பாட்டை இனி அவர் எங்கும் பாடக்கூடாது என்றிருந்தது.

"அப்ப மாசி மாசம் காமன் கூத்துக்கு?"

"கொழும்புக்கு எழுதிக் கேக்கணுங்க."

சிரித்துவிட்டார். "வாசலுக்கு வாசல் ஆளப் பாத்து வரிய மாத்திப் பாடுறவன் நான். எந்த வரிக்குன்னு உத்தரவு கேப்பேன், தம்பி? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று முதலாளியிடம் பொய் சொல்லித் தப்பித்தேன்.

மாசியில் கூத்துப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் தப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர், காகிதம் கொண்டுவந்த தம்பியைப் பற்றிப் பாட ஆரம்பித்துவிட்டார். தொண்டை கட்டிய பொய்கூட அதில் இருந்தது. யார் சொன்னார்களோ, இன்றுவரை தெரியாது. லயமே சிரித்தது, நானும்தான்.

நல்லவேளை, அந்தப் பாட்டை எந்தக் கம்பனியும் ரெக்கார்டில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால், என் பொய்யை முதலாளி கடையிலேயே போட்டுக் கேட்டிருப்பார்.