மதினி துலக்கிய வெள்ளி டாலர்கள்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். அழுகிற மாதிரி எழுதிவிடாதே என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அப்பாவைப் பற்றி எழுதினால் சிரிப்பு தானாக வந்துவிடும்.

சோழபுரத்தில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, இராஜபாளையத்தில் நூல் மில்லில் சேர்ந்து, தங்கைகளைக் கட்டிக்கொடுத்த பிறகே தன் கல்யாணத்தை நினைத்தார். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே ஓவர்டைம் பார்த்து எங்களைப் படிக்க வைத்தார். அதற்கெல்லாம் சலித்துக்கொண்டதே இல்லை. சலிப்பு அம்மாவுக்குத்தான், அதுவும் டாலர் விஷயத்தில்.

அந்தக் காலத்தில் பினாங்கு போய் வந்தவர்கள் கொண்டுவந்த பழைய வெள்ளி டாலர் காசுகள் இந்தப் பக்கத்து வீடுகளில் உண்டு. பேத்திக்குக் கொலுசு செய்ய அவை ஸ்ரீவில்லிபுத்தூர் வெள்ளிக்கடைகளுக்கு உருக்க வரும். உருக்குவதற்குள் வாங்கிவிடுவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ஊர் பாத்திரக்கடை காசிம் பாய் அவருக்குக் கூட்டாளி. இருவரும் காசை விரல்நுனியில் நிறுத்திச் சுண்டி ஓசை கேட்பார்கள். காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். லென்ஸ் வைத்துத் தேய்மானம் பார்ப்பார்கள். வெள்ளியில் காலப்போக்கில் ஏறிய கருப்பு அப்படியே இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. துலக்கிவிட்டால் வெறும் எடைக்குத்தான் போகும். அதனால் அப்பா காசின் விளிம்பை மட்டுமே பிடிப்பார். முதன்முதலில் வாங்கிய டாலரைப் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் சுற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஆயுத பூஜை. அடுத்த வாரம் மதுரையில் நாணயக் கண்காட்சி. அப்பாவின் டாலர்களுக்கு முதல் தடவையாக இடம் கிடைத்திருந்தது. மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மில்லில் பூஜை முடிந்து வீட்டுக்கு வந்தவர் முன்னால், குத்துவிளக்குகளோடு சேர்த்து டாலர்களும் வாழையிலையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

“எம்புட்டு கருத்துப் போய்க் கெடந்துச்சு மாமா. விபூதி போட்டுத் தேச்சேன், பாருங்க” என்றார் மதினி.

அம்மா தலையில் கை வைத்துவிட்டார். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு டாலரை விளிம்பைப் பிடித்து எடுத்துப் பார்த்தார். பிறகு, “நல்லா தொலக்கியிருக்க தாயி” என்றார். எங்களை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனார். “அந்தப் புள்ள காதுல எதுவும் விழக் கூடாது. ஏட்டி, ஒனக்குத்தான் சொல்லுதேன்” என்றார். எனக்கு வாய் நீளம்.

கண்காட்சிக்கு வந்தவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதைக் காசிம் பாய் சொல்லித்தான் அறிந்தோம். அப்பாவோ திரும்பி வந்து மதினியிடம், “எல்லாரும் ஒன் கைவேலையத்தான் பாத்தாவ தாயி” என்றார். அது பொய்யும் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே டாலர்களை அவரே எடுத்து வந்து மதினி கையில் கொடுப்பார். இரண்டு பேரும் உட்கார்ந்து துலக்குவார்கள்.

கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்திலேயே கிடந்து பார்த்துக்கொண்டது மதினிதான். அப்பா போன பிறகு அந்தச் சட்டைப் பை டாலரைக் காணோம். அண்ணனும் நானும் பீரோ, பரண் எல்லாம் தேடிச் சலித்துவிட்டோம்.

வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், தோள் கொடுத்த மில் நண்பர்களுக்கும், தினமும் பஸ் ஏறி வந்து அப்பாவைச் சிரிக்க வைத்த காசிம் பாய்க்கும் எங்கள் நன்றி. மதினிக்கு நன்றி எழுத உட்கார்ந்தபோது, இந்தக் கதையை மறைத்தால் அது நன்றியாகாது என்று தோன்றியது. அப்பாவின் பேச்சை மீறி, எழுதியதை முதலில் மதினியிடமே கொடுத்தேன்.

படித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். “வருசா வருசம் அவியளே எடுத்துக் குடுத்தாவளே செல்வி” என்று சிரித்தார், அழுதார். எழுந்து போய் ஒரு காஸ் துணிப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே அப்பாவின் முதல் டாலர், கருப்பு குறையாமல் இருந்தது. விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தார்.

“ஆஸ்பத்திரியில என் கையில வச்சு அமுக்குனாவ. ‘இது ஒனக்கு. இத மட்டும் தொலக்காத தாயி’ன்னாவ. ஏன்னு நான் கேக்கல.”

இன்று அப்பாவின் படத்துக்கு முன்னால் துலக்கிய டாலர்களோடு அதுவும் இருக்கிறது. எல்லோரும் தாராளமாகப் பார்க்கலாம். தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மதினியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; அது அவருடையது.